குளம் கட்டிப் பார்த்த உறை

எங்கள் கடைக்குத் தார்ப்பாய் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒழுகுமா? நான் வாயால் பதில் சொல்வதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் நான்கு இரும்புக் குழாய் நட்டு வைத்திருக்கிறேன். பாயின் நான்கு மூலைகளையும் அவற்றில் கட்டி, நடுவில் தொய்வு விட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவேன். கீழே பழைய செய்தித்தாளைப் பரப்புவேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து தாளைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி டீ குடிக்க அனுப்பிவிடுவேன். இதற்குக் குளம் கட்டுவது என்று பெயர். கடையை ஆரம்பித்த என் அத்தா காலத்திலிருந்து வரும் பழக்கம். கள்ளக்குறிச்சியில் தார்ப்பாய் விற்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், ஆனால் குளம் கட்டிக் காட்டுகிறவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

என் மனைவிக்கு நான் செய்த கெடுதல் அந்தக் குளத்தில்தான் ஆரம்பித்தது.

அவள் தாவரவியலில் முதுகலை படித்தவள். தேர்வு முடிவு வந்த மாதமே எங்களுக்கு நிக்காஹ். அதற்குப் பிறகு இருபது வருடம் அந்தப் படிப்பு, பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் ஒரு காகிதமாகக் கிடந்தது. மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு, கல்வராயன் மலையில் மரங்களைக் கணக்கெடுக்கும் ஒரு ஆய்வுக் குழுவில் அவளுக்கு ஆறு மாத வேலை கிடைத்தது. எந்த மரம் எப்போது பூக்கிறது, எப்போது காய்க்கிறது என்று வாராவாரம் அதே மரங்களைத் தேடிப்போய்ப் பார்த்து எழுத வேண்டும். திங்கட்கிழமை விடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள். நடுவில் காட்டிலேயே தங்கல். துணைக்கு ஒரு மலைக்காரப் பெண் உண்டு. இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு சின்னத் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே இரண்டு பேரும் படுத்துக்கொள்வார்கள்.

உறவுக்காரர்கள் எல்லோரும் கரடியைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குக் கரடி பயம் இல்லை. முந்தைய வருடம் அவளுக்கு நிமோனியா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இனிமேல் ஈரத்தில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பயந்தது அந்த ஈரத்துக்குத்தான்.

இரண்டாவது வாரமே அது நடந்தது. தார்ப்பாய்க்குப் பக்கவாட்டில் சாரல் அடித்து, தரையிலிருந்து ஈரம் ஏறி, அவள் உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டது. இருமலோடு புதன்கிழமையே இறங்கி வந்தாள். குழுவுக்குத் தலைமை தாங்கும் பெண், என் மனைவியைவிடப் பதினைந்து வயது சின்னவள், போனில் மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு வாரம் விட்டுப்போனால் சமாளிக்கலாம், மறுபடியும் இப்படி நடந்தால் மொத்தக் கணக்கும் அறுந்துவிடும், வேறு ஆளைத்தான் போட வேண்டியிருக்கும் என்றாள். என் மனைவி “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வேலை போய்விட்டால் அவள் வேறொன்றைத் தேடமாட்டாள் என்று அந்த முதுகைப் பார்த்தே எனக்குப் புரிந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் மலைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நல்ல புருஷன் என்று பெயர் வாங்கிக்கொண்டு உள்ளே பொருமிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் போனில் தேடினாள். மலையேறுகிறவர்கள் ஸ்லீப்பிங் பேக்குக்கு மேலே ஓர் உறை போட்டுக்கொள்கிறார்களாம். பிவ்வி பேக் என்று அதற்குப் பெயர். தலையணைக்கு உறை போடுவதுபோலத்தான், ஆளும் உள்ளேயே இருப்பார் என்பதுதான் வித்தியாசம். கூடாரம் தூக்க முடியாதவர்களுக்காகச் செய்தது. முதுகில் எல்லாவற்றையும் அவளே சுமந்து ஏற வேண்டும் என்பதால் எடை கம்மியாக இருக்க வேண்டும். கடையில் கயிறு நிறுக்கும் தராசில் தன்னுடைய சாமான்களை ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தாள். துண்டைப் பாதியாகக் கிழித்தாள். எவர்சில்வர் டம்ளரை எடுத்துவிட்டு, பாட்டில் மூடியிலேயே டீ குடித்துக்கொள்கிறேன் என்றாள். அப்படிச் சேமித்த எடையை எல்லாம் அந்த உறைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

கடைசியில் இரண்டு உறைகள் வீட்டுக்கு வந்தன. வேண்டாததைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு. ஒன்று சாம்பல் நிறம். அடிப்பக்கம் மட்டும் தண்ணீர் புகாத பூச்சு பூசிய துணி, மேல்பக்கம் மெல்லிசான வெறும் துணி. இன்னொன்று பச்சை. மேலும் கீழும் முழுக்கப் பூச்சு, தையல் எல்லாவற்றிலும் பட்டை ஒட்டியிருந்தது. இரண்டிலும் தலைப்பக்கம் கயிறு கோத்த வாய். ஆச்சரியம் என்னவென்றால் பச்சைதான் சாம்பலைவிட எடை கம்மி. சுருட்டினால் ஒரு சொம்புக்குள் போட்டுவிடலாம்.

அவளுக்குச் சாம்பல் பிடித்திருந்தது. மேல்துணியில் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் என் கையைப் பிடித்து வைத்து, “காத்து போவுது பாருங்க” என்றாள்.

“காத்து போற எடத்துல தண்ணி போவாதா?” என்றேன்.

“மேல தார்ப்பா கட்டிக்கினுதானங்க படுக்கறோம். நேரா மழை எங்க விழப் போவுது? சாரலும் பனியும்தான். அதுக்கு இது போதும்னு போட்டிருக்காங்க.”

“போட்டிருக்கறவங்களா வந்து ஆஸ்பத்திரில உன் பக்கத்துல உக்காருவாங்க?”

நான் விடவில்லை. இரண்டு உறைகளையும் கடைக்கு எடுத்துப்போய், தாளை உறைகளுக்குள்ளேயே பரப்பி, மேல்துணியில் தண்ணீர் நிற்கும்படி பக்கத்தில் பக்கத்தில் குளம் கட்டினேன். அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன், வாடிக்கையாளரை உட்காரவைப்பதுபோல. ஒரு மணி நேரத்தில் சாம்பல் உறைக்குள் இருந்த தாளில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். பச்சைக்குள் இருந்த தாள் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. அந்தத் தாளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். அத்தா செய்வதுபோலவே விரலால் சுண்டிச் சத்தம்கூட வரவைத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் சாம்பலைப் பார்த்தாள், பச்சையைப் பார்த்தாள். பிறகு, “நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்று பச்சையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கார்த்திகை கடைசியில் ஒரு திங்கட்கிழமை அந்த உறையோடு ஏறினாள். வானம் அன்றைக்கு மூட்டமாக மட்டும் இருந்தது. மறுநாள் மத்தியானத்திலிருந்து பிடித்துக்கொண்டது மழை. களத்திலும் ரோட்டோரத்திலும் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார்கள். குளம் கட்டிக் காட்டவெல்லாம் நேரமில்லை. அளந்து, வெட்டி, சுருட்டிக் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லித்தான் அனுப்பினேன்: இறுக்கி மூடிடாதீங்க, ரெண்டு பக்கம் கையகலம் தூக்கி வைங்க, காத்து போயி வரட்டும். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே வாயிலிருந்து வரும் பேச்சு அது.

இடையிடையே அவளை நினைத்துக்கொண்டேன். பச்சை உறைக்குள் அவள் காய்ந்து பத்திரமாகப் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வேளை, சாம்பலைக் கொண்டுபோகவில்லை என்று மனதுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதை எழுதும்போது கை கூசுகிறது.

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். சின்னசேலம் பக்கத்து விவசாயி ஒருவர் கோபமாக வந்து, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கல்லா மேசைமேல் கவிழ்த்தார். மக்காச்சோளம். திங்கட்கிழமை என்னிடம் பாய் வாங்கியவர்.

“இன்னாங்க பாய் குடுத்திருக்கீங்க? அம்மாம் சோளமும் ஈரமாயிட்டிருக்குது. நாலு பக்கமும் மண்ண அணைச்சி, கல்லு வச்சி மூடனேன். ஒரு பொட்டு எடம் உடல. பாய்தான் ஒழுவுது.”

பாய் ஒழுகுகிறது என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. சோளத்துக்குள் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. புளித்த வாடை. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

“பாய் ஒழுவலீங்க. மேல இருந்து ஒரு சொட்டு எறங்கியிருக்காது. உள்ள இருக்கற ஈரம்தான் சூட்டுல ஆவியா கெளம்பி, போவ வழியில்லாம பாயில முட்டி, திரும்ப தண்ணியா எறங்கியிருக்குது. இறுக்கி மூடினா உள்ளயே வேர்த்து வேர்த்து...”

அங்கே என் நாக்கு நின்றுவிட்டது.

கை சோளத்துக்குள்ளேயே இருந்தது. அந்தச் சூடு மனுஷ உடம்புச் சூடு மாதிரியே இருந்தது. அவர் “இன்னாங்க, இன்னா ஆச்சி?” என்று கேட்டார். நான் கையை உருவிப் போனை எடுத்தேன். அவளுடைய எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. தலைமைப் பெண்ணின் எண்ணும் அப்படியே. மறுபடி அடித்தேன். மறுபடி. தண்ணீரை மேலே இருந்து ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, விடிகிற வரைக்கும் படுத்திருப்பாள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவில்லை. சோளத்துக்கு விட்ட கையகலத்தை அவளுக்கு விடவில்லை.

அந்த மனிதரை அப்படியே நிற்கவைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, பைக்கை எடுத்தேன். கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். ஒருவர் இறங்கிவந்து அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. முன் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. துஆ ஓதப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக இருக்கும் வார்த்தைகள் முன்பின்னாக மாறி மாறி வந்தன. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரே கேள்விதான் எனக்குள் திரும்பித் திரும்பி வந்தது. நான் மறந்துதான் போனேனா? இல்லை, அவள் நனைந்து, வேலையை விட்டு, வீட்டோடு இருக்கட்டும் என்று எனக்குள் எவனோ ஒருவன் நினைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? அல்லாவே, அது நானில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானே நம்பவில்லை.

மலைமேல் டீக்கடையில் விசாரித்தேன். காட்டிலிருந்து காலையிலேயே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள், அந்த மலைக்காரப் பெண்ணின் வீட்டில் இருக்கிறார்கள் என்றார்கள். வண்டியைச் சேற்றில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

வாசல் கொடியில் பச்சை உறை உள்புறம் வெளியே தெரியப் புரட்டிப்போட்டுக் கிடந்தது. அதன் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உள்ளே அடுப்புக்கு முன்னால் அவள் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பற்கள் தந்தியடித்தன. உதடு வெளுத்துப்போயிருந்தது. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. மூச்சோடு அந்தப் பழைய சத்தம் மறுபடியும் வந்திருந்தது.

அந்த மலைக்காரப் பெண் என்னைப் பார்த்துக் குழப்பமாகச் சொன்னாள்: “மழை இவங்க மேல விழவேயில்லீங்க. நானும் பக்கத்துலதான் கம்பளி போத்திக்கினு படுத்தேன். எனக்கு ஒண்ணுமில்ல. இவங்க மட்டும் உள்ளயே நனைஞ்சிக் கெடந்தாங்க.”

என் மனைவி மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

“மொத நாளே கொஞ்சம் நனைஞ்சிதாங்க. நீங்க பாத்துக் குடுத்தது, அது ஒழுவாது. மூஞ்சிப் பக்கம் இருக்கற வாய் வழியாத்தான் பனி எறங்குதுன்னு நெனச்சேன். அதான் நேத்து கயித்த நல்லா இழுத்துக் கட்டிக்கினேன்.”

நான் கொடுத்தது என்பதற்காக, நனைய நனைய இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவள் தன் வேலை போய்விடும் என்றுதான் அழுகிறேன் என்று நினைத்து, “நாலு மரம்தான் பாக்கி, அந்த அம்மாவுக்கு சொல்லிடுங்க, நாளைக்கே முடிச்சிடறேன்” என்றாள்.

காய் ஏற்றிக்கொண்டு இறங்கும் ஒரு வண்டியில் அவளைக் கீழே கொண்டுவந்தேன். பைக் அங்கேயே கிடந்தது. இந்த முறை இரண்டு நுரையீரலிலும் என்றார்கள். முதல் மூன்று நாள் யாரும் எனக்கு எந்த உறுதியும் சொல்லவில்லை. முகத்தில் மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாஸ்க்கின் உள்பக்கம் ஒவ்வொரு மூச்சுக்கும் பனித்துப் பனித்து அடங்கியது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. ஒரு மூச்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று இருபது வருடமாகத் தார்ப்பாய் விற்றவன் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்துதான் கண்ணால் பார்த்தேன்.

ஆறாம் நாள், அவள் கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகு, தலைமைப் பெண் பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மீதி மாதங்களுக்கு வேறொருவரைப் போட்டுவிட்டதாகவும், முதலில் உடம்பு தேறட்டும் என்றும் சொன்னாள். அந்தப் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை. சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அந்த ஒரு நொடியில் என் நெஞ்சு லேசானது. ஒளித்துவைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன். இனி திங்கட்கிழமைகள் இல்லை, பஸ் இல்லை, மலை இல்லை என்று உடம்பு தானாக ஒரு பெருமூச்சு விட்டது. தலை நிமிர்ந்தபோது என் மனைவி அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சாயங்காலங்களில் கடைக்கு வந்து கயிற்றுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மாசியில் ஒருநாள் ஒரு விவசாயி மக்காச்சோளத்துக்குப் பாய் வாங்க வந்தார். சுருட்டிக் கொடுத்தேன். வழக்கமான பேச்சைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரிடம் சொன்னாள்: “இறுக்கி மூடிடாதீங்க. ரெண்டு பக்கம் கையகலம் தூக்கி வைங்க.”

அவர் போன பிறகு, என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

“எனக்கும் தெரியும்ங்க. இருவது வருஷமா நீங்க சொல்றத கேட்டுக்கினுதான இருக்கறேன். அன்னிக்கு கடைல உக்காந்திருக்கும்போதே மனசுல வந்திச்சி. நீங்க அந்தத் தாள ஆட்டிக் காட்டினீங்க, சொல்லாம உட்டுட்டேன்.”

தெரியாமல் நம்பினாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்தும் நம்பியிருக்கிறாள். இரண்டில் எது எனக்குப் பெரிய தண்டனை என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

மறுநாள் காலை கடைக்கு நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். பின்னால் காலியிடத்தில் அவள் இருந்தாள். பச்சை உறையும், திருப்பி அனுப்பாமலே பரணில் கிடந்த சாம்பல் உறையும் தரையில் நீட்டிப் போட்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வாயைத் துணியால் மட்டும் மூடிய ஒரு குடத்தை வைத்து, உறையின் வாயைக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேலையும் இல்லை, போக மலையும் இல்லை. நான் ஓர் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் திறந்தாள். பச்சையின் உள்புறம் முழுக்கத் துளித் துளியாகக் கோத்திருந்தது. கையால் வழித்தாள், தண்ணீர் வடிந்தது. சாம்பலின் உள்புறத்தில் செய்தித்தாளை வைத்துத் தேய்த்தாள். தாளைத் தொட்டுப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். கொஞ்சம் நமத்திருந்தது, அவ்வளவுதான்.

அதை ஆட்டிக் காட்டவில்லை, சுண்டவில்லை. சாம்பல் உறையை உதறி, வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு, மடிக்க ஆரம்பித்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொடுக்க நான் குனிந்தேன்.

“இத நீங்க தொட வேணாங்க” என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.